ஃப்ளோ தரவில் டிடாஸ் தாக்குதலைப் பிடிப்பது எப்படி? – கேள்வி பதில்

ரவுட்டர் தரும் ஃப்ளோ தரவை (நெட்ஃப்ளோ அதில் ஒரு வகை) வைத்துச் சேவை மறுப்புத் தாக்குதலை (டிடாஸ்: பல இடங்களில் இருந்து போக்குவரத்தைக் கொட்டி ஒரு சர்வரை முடக்குவது) கண்டுபிடிப்பது பற்றிப் பலர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. பாதி படித்தது, மீதி நைட் ஷிஃப்டில் கற்றது.

கேள்வி (புதிதாக வேலையில் சேர்ந்தவர்): நெட்ஃப்ளோ என்றால் பாக்கெட்டைப் பிடித்துப் பார்ப்பதுதானே, சார்?

இல்லை. அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் ஒரு நோட்டு வைத்திருப்பார். யார் வந்தார், எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு என்று எழுதுவார். பையைத் திறந்து பார்க்க மாட்டார். ஃப்ளோவும் அப்படித்தான். அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இரண்டு போர்ட், புரோட்டோகால் எல்லாம் ஒன்றாக இருக்கும் பாக்கெட்டுகள் ஒரே வரியில் சேரும். அந்த வரியில் எத்தனை பாக்கெட், எத்தனை பைட், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, டிசிபி (இணைப்பு ஏற்படுத்திப் பேசும் முறை) என்றால் என்னென்ன ஃபிளாக் (இணைப்பின் நிலையைச் சொல்லும் குறி) வந்தன என்று இருக்கும். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று இருக்காது.

இந்த வரிகளை ரவுட்டர் யுடிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத முறை) அனுப்பும். வாங்கிச் சேர்த்து வைக்கும் சர்வருக்குக் கலெக்டர் என்று பெயர் (மாவட்ட ஆட்சியர் அல்ல). பழைய சிஸ்கோ பெட்டிகளில் நெட்ஃப்ளோ 5-ஆம் பதிப்பு இருக்கும், அதற்கு ஐபிவி6 (புதிய வகை முகவரி) தெரியாது. 9-ஆம் பதிப்போ, அதன் பொதுத் தரமான ஐபிஃபிக்ஸோ இருந்தால் அதையே எடுங்கள்.

கேள்வி: எங்களிடம் எம்ஆர்டிஜி (லைனில் எவ்வளவு போகிறது என்று வரையும் மென்பொருள்) கிராஃப் இருக்கிறது. லைன் நிரம்பினால் தெரிந்துவிடுமே?

நிரம்பினால் தெரியும். நிரம்பாமலே சர்வர் படுத்துவிட்டால்? கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் சின் பாக்கெட்டுகள் (இணைப்பைத் தொடங்கக் கேட்பவை), ஒவ்வொன்றும் 64 பைட் ஃபிரேம், விநாடிக்கு 3 லட்சம் வருகின்றன. மொத்தம் 154 எம்பிபிஎஸ்தான். 1 ஜிபிபிஎஸ் லைனில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கிராஃபில் சின்ன மேடு மாதிரி தெரியும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே 154 எம்பிபிஎஸ், 1500 பைட் பாக்கெட்டுகளாக யாரோ வீடியோ இறக்கியதால் வந்திருந்தால் விநாடிக்கு 13 ஆயிரம் பாக்கெட்டுக்குள் அடங்கிவிடும். ஃபயர்வாலை மூச்சுமுட்ட வைப்பது பைட் அல்ல, பாக்கெட்டின் எண்ணிக்கை. அதனால் பைட்டைப் பாக்கெட்டால் வகுத்துப் பாருங்கள். ஃப்ளோவில் சராசரி 40, 60 என்று விழுந்து, ஃபிளாக்கில் சின் மட்டும் இருந்து, ஒரு ஃப்ளோவுக்கு ஒரே ஒரு பாக்கெட் என்று ஒரே இடத்துக்கு வந்தால் அது பெரும்பாலும் சின் ஃபிளட் (சின் பாக்கெட் வெள்ளம்). 

கேள்வி: அப்படியானால் எந்த எண்ணைக் கண்காணிக்க வேண்டும்? ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் என்றால் விகிதம். எவ்வளவு வந்தது என்பதைவிட, வந்ததற்கும் போனதற்கும் என்ன விகிதம் என்று பாருங்கள்.

கிட்ஹப் (நிரல்களைச் சேமிக்கும் தளம்) மீது 2018 பிப்ரவரி 28-இல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். இணையத்தில் பூட்டாமல் கிடந்த மெம்கேஷ்டு சர்வர்களுக்கு (தரவைத் தற்காலிகமாக நினைவில் வைப்பவை; போர்ட் 11211, யுடிபி) யாரோ கிட்ஹப்பின் முகவரியைப் போலியாகப் போட்டுச் சின்னக் கேள்விகள் அனுப்பினார்கள். பெரிய பதில்கள் எல்லாம் கிட்ஹப் தலையில் விழுந்தன. ஒரு பைட் கேள்விக்கு 51 ஆயிரம் பைட் வரை பதில் வரக்கூடிய ஓட்டை அது. உச்சத்தில் விநாடிக்கு 1.35 டெராபிட், 12.69 கோடி பாக்கெட். வகுத்தால் பாக்கெட்டுக்கு ஏறக்குறைய 1330 பைட். மேலே சொன்ன சின் ஃபிளட்டுக்கு நேர் எதிர்.

கிட்ஹப் தன் அறிக்கையில் எழுதியிருந்த ஒரு வரிதான் எனக்குப் பிடித்தது. யுடிசி நேரம் 17:21-க்கு அவர்களுடைய கண்காணிப்பு அமைப்பு எழுப்பிய எச்சரிக்கை, உள்ளே வரும் போக்குவரத்துக்கும் வெளியே போவதற்கும் உள்ள விகிதம் மாறிவிட்டது என்பதுதான். 17:26-க்கு ரூட்டிங்கை மாற்றி எல்லாவற்றையும் அகமாய் (தாக்குதலை வடிகட்டித் தரும் நிறுவனம்) வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஒரு வெப்சைட்டில் வழக்கமாக உள்ளே வருவது குறைவு, வெளியே போவது அதிகம். அது தலைகீழானால் எவ்வளவு ஜிபிபிஎஸ் என்று யோசிக்கவே தேவையில்லை.

கேள்வி (கல்லூரி நெட்வொர்க்கைப் பார்ப்பவர்): ரிசல்ட் வரும் நாளில் எங்கள் சைட்டுக்குத் தாக்குதல் மாதிரியே கூட்டம் வருகிறது. எப்படிப் பிரிப்பது?

விகிதம் இங்கேயும் உதவும். ரிசல்ட் பார்க்க வரும் பிள்ளைகள் இணைப்பைத் தொடங்கி, பக்கத்தை வாங்கிக்கொண்டு, முடித்துவிட்டுப் போவார்கள். ஃப்ளோவில் சின், ஆக் (ஒப்புகை), ஃபின் (முடிவு) மூன்றும் இருக்கும், போகும் பைட் வரும் பைட்டைவிடப் பல மடங்கு இருக்கும். அனுப்புநர் முகவரிகளும் பெரும்பாலும் வழக்கமான மொபைல் நிறுவனங்களுடையவை. தாக்குதலில் உலகின் எல்லா மூலையில் இருந்தும் இதுவரை பார்த்தே இராத முகவரிகள் ஒரே நேரத்தில் வரும், ஒரே இடத்துக்கு. ஒன்று மட்டும் கவனம்: சர்வரே திணறி பதில் தராமல் போனால் நல்ல கூட்டமும் சின் ஃபிளட் போலத் தெரியும். நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ரவுட்டர் ஆயிரத்தில் ஒரு பாக்கெட்டைத்தான் எண்ணுகிறது. அதை நம்பலாமா, அண்ணா?

வெள்ளத்துக்கு நம்பலாம். விநாடிக்கு 3 லட்சம் என்றால் 300 மாதிரி கிடைக்கும், ஒரு நிமிடத்தில் 18 ஆயிரம்; பிழை ஒன்றரை சதவீதம் அளவில்தான். பத்தே பாக்கெட்டில் ஒருவர் ஊடுருவினாரா என்று தேடினால் பெரும்பாலும் சிக்காது. அப்புறம், கலெக்டரில் ஆயிரத்தால் பெருக்கச் சொல்லியிருக்கிறீர்களா என்று இப்போதே போய்ப் பாருங்கள். இதை மறந்தவர்கள் அதிகம்.

கேள்வி: தாக்குதல் முடிந்த பிறகுதான் அலாரம் அடிக்கிறது.

ஆக்டிவ் டைம்அவுட்டைப் பாருங்கள். சிஸ்கோவில் வழக்கமாக 30 நிமிடம் என்று இருக்கும்: முடியாமல் ஓடும் ஃப்ளோவை ரவுட்டர் அரை மணி நேரம் கையிலேயே வைத்திருந்து, பிறகு மொத்தமாக அனுப்பும். 60 விநாடியாகக் குறையுங்கள். அரை மணி நேர பைட்டுகள் ஒரே நொடியில் வந்த மாதிரி காட்டும் பொய் மேடுகளும் அதோடு போய்விடும்.

கேள்வி: எங்களுக்கு வேறு விசித்திரம். தாக்குதல் நேரத்தில் ஃப்ளோ கிராஃப் ஏறாமல் இறங்குகிறது!

ஃப்ளோ தகவலும் அதே நிரம்பிய லைன் வழியாகவே கலெக்டருக்குப் போகிறது, இல்லையா? யுடிபி என்பதால் தொலைந்தது தொலைந்ததுதான். ஒவ்வொரு ஏற்றுமதிப் பாக்கெட்டிலும் வரிசை எண் இருக்கிறது. எண் தாவினால் தனி அலாரம் வையுங்கள். முடிந்தால் நிர்வாகத்துக்கென்று தனி லைன் போடுங்கள்.

கேள்வி: போர்ட் 0-வுக்கு ஏராளமாக யுடிபி வருகிறது. அப்படி ஒரு போர்ட் உண்டா?

பெரும்பாலும் அவை துண்டாகிய பாக்கெட்டுகளின் பின்பாதி. முதல் துண்டில்தான் போர்ட் எண் இருக்கும், மற்றவற்றுக்கு ரவுட்டர் 0 என்று எழுதிவிடும். பக்கத்திலேயே அனுப்புநர் போர்ட் 53 இருந்தால் டிஎன்எஸ் பெருக்கத் தாக்குதல் (கிட்ஹப்பில் நடந்த மாதிரி, ஆனால் பெயர் தேடும் சர்வர்களை வைத்து) என்று சந்தேகப்படுங்கள்.

கேள்வி: ஒரு முகவரிக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்தோம். லைன் நிரம்பியது, வரம்பை யாரும் தாண்டவில்லை.

உங்கள் 256 முகவரிகளுக்கும் பங்கு போட்டு அடித்திருக்கிறார்கள். முகவரிவாரியாக மட்டும் அல்ல, /24 (256 முகவரிகள் சேர்ந்த தொகுதி) வாரியாகவும் கூட்டிப் பாருங்கள். வரம்பும் நாள் முழுக்க ஒன்றாக இருக்கக் கூடாது. இரவு 2 மணி பேக்கப்புக்கு ஒரு வாரம் எழுந்து உட்கார்ந்துவிட்டு அலாரத்தையே அணைத்தவன் நான். எட்டாம் நாள் வந்தது பேக்கப் இல்லை. நான்கு வாரத் தரவை வைத்து, அந்தக் கிழமை, அந்த மணிக்கு என்ன வழக்கம் என்று எடுத்து அதற்கு மேல் வரம்பு வையுங்கள்.

கேள்வி: ஸ்லோலோரிஸ் (இணைப்புகளை முடிக்காமல் மெதுவாக இழுத்தடித்து வெப் சர்வரை அடைக்கும் தாக்குதல்) ஃப்ளோவில் தெரியுமா?

சரியாகத் தெரியாது. நிறைய நேரம் நீளும், பைட் மிகக் குறைந்த ஃப்ளோக்கள் என்று ஒரு வாசனை கிடைக்கும், அவ்வளவுதான். வெப் சர்வர் லாகைப் பாருங்கள்.

கேள்வி: கண்டுபிடித்தாயிற்று. அடுத்து?

லைன் நிரம்பியிருந்தால் உங்கள் ஃபயர்வாலில் தடுத்துப் பயன் இல்லை. தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு கதவைச் சாத்துவது அது. உங்களுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடம் பிஜிபி (ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்ளும் முறை) வழியாக பிளாக்ஹோல் (அந்த முகவரிக்கு வருவதை எல்லாம் வீசிவிடுவது) கேட்கலாம், 65535:666 என்ற பொதுக் குறியீடு 2016 முதல் இருக்கிறது. ஆனால் தாக்கப்பட்ட முகவரி முழுதாக இருட்டாகும். எதிரி கேட்டதை நாமே கொடுத்த மாதிரி. மற்ற முகவரிகள் பிழைக்கும் என்பதுதான் லாபம். ஃப்ளோஸ்பெக் (குறிப்பிட்ட வகைப் போக்குவரத்தை மட்டும் வடிகட்டும் வசதி) இருந்தால் யுடிபி 11211-ஐ மட்டும் வெட்டலாம். எந்த எண்ணை அழைப்பது, எந்தக் குறியீட்டை ஏற்பார்கள் என்பதைச் சாதாரண நாளிலேயே எழுதி வாங்கி வையுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் இருந்து தாக்குதல் போவதாகப் புகார் வந்தது. அது தெரியுமா?

நன்றாகவே தெரியும். வெளியே போகும் ஃப்ளோவில், ஒரே உள் முகவரி ஆயிரக்கணக்கான வெளி முகவரிகளின் 23, 2323 போர்ட்டுகளைச் சின் மட்டும் அனுப்பித் தட்டுகிறதா என்று தேடுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் அப்படித்தான் பரவியது, தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டு மாறாத கேமராக்களிலும் டிவிஆர்களிலும். உங்கள் மாடிப்படி சிசிடிவியில் இருந்து தொடங்குங்கள்.