ஹீட் பம்பில் காஸ் குறைந்திருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது? ஆண்டுதோறும் நிரப்பத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் ரொறன்ரோவில் இருக்கிறார். வீட்டில் ஏழு ஆண்டுகள் பழைய ஹீட் பம்ப், அதாவது கோடையில் வீட்டைக் குளிரூட்டி, குளிர்காலத்தில் சூடாக்கும் இயந்திரம். இந்தக் குளிர்காலத்தில் வீடு போதிய அளவு சூடாகவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டி, முள்ளைப் பார்த்து, "காஸ் குறைந்துவிட்டது, ஆண்டுதோறும் நிரப்ப வேண்டியதுதான்" என்று சொல்லியிருக்கிறார். அது சரியா, அளவை உண்மையில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது கேள்வி.

சரியில்லை. ஒன்ராறியோவில் 14 ஆண்டுகளாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். இந்த ஒரு வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இங்கே காஸ் என்பது வெப்பத்தைச் சுமந்து செல்லும் குளிர்பதனப் பொருள், எரிபொருள் அல்ல. எரிந்து தீராது, தேய்ந்தும் போகாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். உங்கள் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியிலும் இதே வேலைதான் நடக்கிறது. அதற்கு எத்தனை முறை காஸ் நிரப்பினீர்கள்? உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் மேலே ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுதான்.

நான் போன பல வீடுகளில் காஸ் குறைந்தே இருக்கவில்லை. கூடியிருந்தது. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஸ்காபரோவில் ஒரு வீடு. பிப்ரவரி மாதம், வெளியே மைனஸ் 9 பாகை செல்சியஸ். கதவைத் திறந்த ஐயா கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை போட்டிருந்தார். "தம்பி, கோடையிலும் காஸ் போட்டார்கள், பனி தொடங்கும்போதும் போட்டார்கள். இந்த மாத மின்கட்டணத்தைப் பாருங்கள்" என்று பில்லை நீட்டினார். இயந்திரத்தை ஓட விட்டு வெளியே நின்று கேட்டேன். காஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் ஓடத் தொடங்குகிறது, சத்தம் மெல்ல மெல்லக் கனக்கிறது, நான்காவது நிமிடத்தில் டக்கென்று நின்றுவிடுகிறது. அழுத்தம் 600 பிஎஸ்ஐக்கு மேல் போனதும் காப்பு சுவிட்ச் அணைத்துவிடுகிறது. அதன்பிறகு வீட்டைச் சூடாக்குவது உள்ளே இருக்கும் மின் ஹீட்டர்தான். மின்கட்டணம் ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கேஜை எடுக்காமல் நேராகக் கீழ்த்தளத்துக்குப் போய்க் காற்று வடிகட்டியை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோது, நடுப்பகுதி மின்விசிறிப் பக்கம் வயிறு போல் வளைந்திருந்தது. மேலே பழைய கம்பளித் துணி போல் சாம்பல் நிறத்தில் தூசு படிந்து இறுகியிருந்தது. காற்று போக இடமே இல்லை.

கோடையில் நடந்தது பழைய சேவைப் பில்லிலேயே இருந்தது. குளிரூட்டும்போது வீட்டுக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் (உட்சுருள்) காற்று படாவிட்டால், கம்ப்ரசர் காஸை உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் விழும். 95 பிஎஸ்ஐ என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து "குறைவு" என்று முன்பு வந்த மெக்கானிக் முடிவுகட்டி ஊற்றியிருக்கிறார். அந்த இயந்திரத்தில், காஸ் ஓட்டத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு இருக்கிறது. கூடுதலாகப் போகும் காஸ் உறிஞ்சு பக்கத்துக்கு வராது, வெளிப்பெட்டியில் இருக்கும் வெளிச்சுருளில் திரவமாகத் தேங்கும். ஊற்ற ஊற்ற முள் ஏறாது. முள் ஏறவில்லையே என்று இன்னும் ஊற்றியிருப்பார். குளிர்காலத்தில் ஓட்டம் தலைகீழாகிறது. வெப்பத்தை வெளியிடும் வேலை உட்சுருளுக்கு வருகிறது. அது வெளிச்சுருளைவிடச் சிறியது. மிகையான காஸ் அதில் தேங்க, காற்றும் அடைபட்டிருக்க, அழுத்தம் எகிறாமல் என்ன செய்யும்?

அழுத்தத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அழுத்தத்தோடு குழாயின் வெப்பநிலையும் வேண்டும். எங்கள் தொழிலில் இன்னும் பாரன்ஹீட்தான், அதிலேயே சொல்கிறேன். ஆர்-410ஏ என்ற காஸ் 118 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 40 பாகையில் கொதிக்கும். உறிஞ்சு குழாயில் வெப்பமானியைக் கவ்வ வைத்தால் 52 பாகை காட்டுகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 12 பாகை. இதற்கு சூப்பர்ஹீட் என்று பெயர். எதிர்ப்பக்கம், அதாவது உயர் அழுத்தப் பக்கம், 317 பிஎஸ்ஐ இருந்தால் காஸ் திரவமாகும் வெப்பநிலை 100 பாகை. திரவம் ஓடும் சின்னக் குழாய் 90 பாகை காட்டினால் சப்கூலிங் 10 பாகை. எக்ஸ்பான்ஷன் வால்வு உள்ள இயந்திரத்தில் சப்கூலிங்கைத்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் வெளியே உள்ள பெட்டியின் தகட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். கூடக்குறைய 3 பாகைக்குள் இருந்தால் தொடவே கூடாது. வால்வு இல்லாமல் வெறும் சிறு துளை வைத்த பழைய இயந்திரங்களுக்கு சூப்பர்ஹீட்தான் கணக்கு. அந்தக் கோடை நாளில் அவர் ஒரு வெப்பமானியை எடுத்திருந்தால், சப்கூலிங் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, கோளாறு காற்றில் என்று அப்போதே தெரிந்திருக்கும். காஸ் உண்மையில் குறைந்தால் சப்கூலிங் விழும், சூப்பர்ஹீட் ஏறும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் கோடைக்கு உரியது. வெளியே குறைந்தது 65 பாகை, அதாவது 18 செல்சியஸ் இருக்க வேண்டும். இயந்திரம் 15 நிமிடமாவது ஓடி நிதானத்துக்கு வந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் கேஜ் பொருத்தும் இடமே மாறுகிறது. கோடையில் குளிர்ந்திருந்த பெரிய குழாயில் இப்போது கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான காஸ் ஓடுகிறது. தாழ் அழுத்தம் பார்க்கும் நீலக் கேஜை வழக்கம்போல் அங்கே மாட்டினால் உயர் அழுத்தத்தைத்தான் காட்டும். உறிஞ்சு அழுத்தத்துக்கென்று கம்ப்ரசர் பக்கத்தில் தனி வாய் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் குளிர்காலத்துக்குத் தரும் அட்டவணையும் சரிபார்க்கத்தான். அதை வைத்துக் காஸ் ஏற்றக் கூடாது.

அப்படியென்றால் பனிக்காலத்தில் என்ன செய்வது? தராசு. நான் அந்த வீட்டில் செய்ததும் அதுதான். வடிகட்டியை மாற்றிய பிறகும் அழுத்தம் இறங்கவில்லை என்பதால், உள்ளே இருந்த காஸ் முழுவதையும் மீட்பு உருளைக்குள் இழுத்து நிறுத்தேன். 9 இறாத்தல் 2 அவுன்ஸ் (ஓர் இறாத்தல் 16 அவுன்ஸ்). தகட்டில் இருப்பது 7 இறாத்தல். அது 15 அடிக் குழாய்க்கான கணக்கு. அங்கே குழாய் 35 அடி. மிச்சம் 20 அடிக்கு, அடிக்கு 0.6 அவுன்ஸ் வீதம் 12 அவுன்ஸ். ஆக 7 இறாத்தல் 12 அவுன்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 1 இறாத்தல் 6 அவுன்ஸ் மிகை. நைட்ரஜன் ஏற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தேன், முள் அசையவில்லை. கசிவே இல்லாத இயந்திரத்துக்கு இரண்டு முறை காஸ் போட்டு இரண்டு முறை பணமும் வாங்கியிருக்கிறார்கள். வெற்றிடத்தை, அதை அளக்கும் அலகில் 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, அது அங்கேயே நிற்கிறதா என்று பார்த்து, தராசில் அளந்து திரும்ப ஏற்றினேன். ஆர்-410ஏ இரண்டு காஸ்களின் சரிபாதிக் கலவை. உருளையிலிருந்து திரவமாகவே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கலவை விகிதம் மாறும்.

மிகையானதைக் காற்றில் திறந்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று நினைப்பவர்கள் உண்டு. அது குற்றம். ஆர்-410ஏ பூமியைச் சூடாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல் 2,088 மடங்கு. அந்த 1 இறாத்தல் 6 அவுன்ஸ், ஏறத்தாழ 1,300 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு வீட்டுக் கொல்லையில், இரண்டு நிமிடத்தில்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வடிகட்டியைப் பாருங்கள். வெளிப்பெட்டியைச் சுற்றிப் பனி குவிந்திருந்தால் அகற்றுங்கள். வெளிச்சுருளில் உறைபனி எல்லா இடத்திலும் மெல்லிதாகப் படிந்து, அவ்வப்போது தானாகவே கரைந்தால் அது இயல்பு. ஒரு பகுதியில் மட்டும் படிந்து மிச்சம் காய்ந்திருந்தால் காஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். குழாய்கள் சேரும் நட்டுகளைச் சுற்றி எண்ணெய்க் கறையில் தூசு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். காஸ் கசியும்போது கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் கூடவே வரும். காற்றுத் துவாரத்தில் கை வைத்து "சூடே இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள். வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸின் சூட்டுக்குப் பழகிய கைக்கு, 35 செல்சியஸ் காற்று வெதுவெதுப்பாகத்தான் தெரியும்.

கேஜை நீங்கள் தொட வேண்டாம். இந்த மாகாணத்தில் அதற்கு 313ஏ அல்லது 313டி உரிமமும் ஓசோன் பாதுகாப்பு அட்டையும் வேண்டும். புதிதாக வரும் ஆர்-32, ஆர்-454பி இரண்டும் தீப்பற்றக் கூடியவை. சுவரில் மாட்டும் இன்வெர்ட்டர் வகையாக இருந்தால் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். அதற்குத் தராசைத் தவிர வேறு அளவே இல்லை.

மறுபடி யாராவது "குறைவு" என்று சொன்னால், சப்கூலிங் எத்தனை பாகை, எங்கே கசிகிறது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஏற்றினால் எத்தனை அவுன்ஸ் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அந்த ஐயாவின் வீட்டில், வெளிப்பெட்டி மூடியின் உட்புறம் அழியாத மையால் "7 இறாத்தல் 12 அவுன்ஸ், குழாய் 35 அடி" என்று தேதியோடு எழுதிவிட்டு வந்தேன். அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, அதைத் தன் டைரியிலும் குறித்துக்கொண்டார்.