மண் கேட்கும் கேள்விகள்: ஒரே மரமா, கலப்பு மரமா?

கேள்வி: தைலமரம் மட்டும் நட்ட நிலத்தில் சருகு மக்காமல் குவிந்து கிடக்கிறது. வேறு மரம் கலந்தால் மண்ணில் நுண்ணுயிர்கள் பெருகுமா?

பதில்: எந்த மரத்தைக் கலக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நுண்ணுயிர்களின் உடலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) சுமார் 8 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கும். தின்னும் கரிமத்தில் பெரும்பகுதி மூச்சில் போய்விடுவதால், ஒன்றுக்கு 25 பங்குவரை கரிமம் உள்ள சருகை அவை எளிதில் மக்கவைக்கும். அதற்கு மேல் போனால், குறையும் தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்த அளவுக்கு மரத்துக்குக் கிடைக்காது. தைலமரச் சருகு இந்த வரம்பை வெகுவாகத் தாண்டியது. போதாததற்கு அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் புரதங்களைப் பிணைத்துவைக்கிறது. இத்தகைய சருகில் பூஞ்சைகள் தாக்குப்பிடிக்கும், பாக்டீரியாக்கள் பின்தங்கும்.

ஆகவே காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தும் மரத்தைக் கலக்க வேண்டும். வேல மர வகையான மாஞ்சியத்தின் வேர் முடிச்சில் ரைசோபிய வகைப் பாக்டீரியாக்களும், சவுக்கின் முடிச்சில் ஃபிராங்கியா என்ற பாக்டீரியாவும் அந்த வேலையைச் செய்கின்றன. பிரேசிலில் தைலமரத்தோடு மாஞ்சியம் கலந்த சோதனைத் தோட்டங்களில் மண்ணின் தழைச்சத்துச் சுழற்சி வேகமெடுத்தது. தைலமரத்தோடு பைன் மரத்தைக் கலந்தால் இந்த ஆதாயம் இல்லை. அதன் ஊசிச் சருகும் மெதுவாகவே மக்கும். இனங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது வீண் வேலை.

நடவு முறையும் முக்கியம். 3 மீட்டர் இடைவெளியில் வரிசை மாற்றி வரிசை நட்டால் சருகும் வேரும் கலக்கும். இனத்துக்கொரு பாத்தியாகப் பிரித்து நட்டால், வரப்போரம் தவிர மற்ற இடமெல்லாம் ஒற்றை மரத் தோப்புதான்.

கேள்வி: மாஞ்சியம் கலந்தும் பலன் தெரியவில்லையே?

பதில்: பக்க வேரைத் தோண்டி முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. பச்சையோ பழுப்போ என்றால் இல்லை. முடிச்சே இல்லையென்றால் யூரியா அதிகம், மணிச்சத்துக் குறைவு, நாற்றங்காலில் உரிய பாக்டீரியா சேராதது ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். மறுபக்கமும் உண்டு: மிஞ்சும் தழைச்சத்து நைட்ரேட்டாகிக் கீழே வடிந்தால் மண் அமிலமாகும். அவ்வப்போது அமில நிலையைச் சோதியுங்கள்.

கேள்வி: ஒற்றை மரத் தோப்பையும் கலப்புத் தோப்பையும் எப்படி ஒப்பிடுவது?

பதில்: சருகுப் பை எளிய வழி. 20 செ.மீ. சதுர நைலான் வலைப் பைகளில் உலர்ந்த சருகு 10 கிராம் வீதம் போட்டு, தோப்பின் தரையில் வையுங்கள்: தைலம் மட்டும், மாஞ்சியம் மட்டும், இரண்டும் 5 கிராம் வீதம். 1, 3, 6 மாதங்களில் ஒவ்வொரு வகையிலும் நான்கு பை எடுத்து, மண்ணைத் தட்டி, 65 டிகிரியில் உலர்த்தி எடை பாருங்கள். கலப்புப் பையின் இழப்பு, தனிப்பைகளின் சராசரியை விஞ்சினால்தான் கலப்புக்குப் பெருமை. வலைக்கண் 2 மி.மீ. போதும், சவுக்குச் சருகு அதில் நழுவிவிடும் என்பதால் அதற்கு 1 மி.மீ. வேண்டும். கறையான் புகுந்த பையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மண் மாதிரிக்குச் சருகை விலக்கி, மேல் 10 செ.மீ. மண்ணை 10–15 இடங்களில், மரத்தடியிலும் இடைவெளியிலும் சமமாக எடுத்துக் கலக்குங்கள். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர்கள் பெருமளவில் செத்துப்போகும். 4 டிகிரி குளிரிலேயே ஆய்வகம் சேரட்டும். நுண்ணுயிர்களை ஆய்வகத் தட்டில் வளர்த்து எண்ணுவதைவிட, குளோரோஃபார்ம் புகையூட்டி அவற்றைக் கொன்று, அவற்றின் உடலிலுள்ள கரிமத்தை (நுண்ணுயிர்க் கரிமம்) அளக்கச் சொல்லுங்கள். தட்டில் வளர்பவை மிகச் சிறு பகுதியே. நுண்ணுயிர்க் கரிமம், மண்ணின் மொத்த அங்ககக் கரிமத்தில் பொதுவாக 1 முதல் 5 சதவீதம் இருக்கும். இரு தோப்புகளிலும் ஒரே நாளில் எடுக்காவிட்டால் மழையின் வித்தியாசத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.