வாசகர் கேள்விகள்: சோபே ஆற்றங்கரையில் ஒரு நாள்

கேள்வி: விக்டோரியா அருவியைப் பார்க்க ஆகஸ்டில் ஜிம்பாப்வே செல்கிறோம். அங்கிருந்து போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவுக்குப் போய்வர ஒரு நாள் போதுமா?

பதில்: ஆகஸ்ட் என்றால் தாராளமாகப் போதும். அருவியிலிருந்து பூங்காவை ஒட்டிய கசானே நகரம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான். நேரம் போவது சாலையில் அல்ல, கசுங்குலா எல்லைச் சாவடியில். இரு நாட்டு அதிகாரிகளிடமும் கடவுச்சீட்டில் முத்திரை பெற வேண்டும். கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவாதிருக்க, கிருமிநாசினியில் ஊறிய விரிப்பில் காலணியை அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் போட்ஸ்வானாவுக்குள் நடக்க வேண்டும். மாலையில் ஜிம்பாப்வேக்குள் மறுபடியும் நுழைய வேண்டும் என்பதை மறந்து, ஒருமுறை மட்டும் நுழையும் விசாவை எடுத்துவிடாதீர்கள். ஜிம்பாப்வே, ஜாம்பியா இரண்டுக்கும் பொதுவான காஸா விசா, இந்த ஒரு நாள் பயணத்தையும் அனுமதிக்கிறது. உங்கள் நாட்டவருக்கு அது கிடைக்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மலேரியா உள்ள பகுதி என்பதால், புறப்படும் முன் மருத்துவரையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: காலையில் ஜீப், பிற்பகலில் படகு என்பது திட்டம். நேரம் இல்லாமல் ஒன்றை விட நேர்ந்தால் எதை விடலாம்?

பதில்: தயங்காமல் ஜீப்பை விடுங்கள். சிங்கத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தாது. அவர்கள் விடியற்குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு ஜீப்பில்தான் தேட வேண்டும்.

ஜீப்பில் விலங்கைத் தேடி நாம் அலைகிறோம். வறண்ட மாதங்களில் ஆற்றிலோ, நாம் இருக்கும் இடத்துக்கு அது வருகிறது. மழையைக் குறிக்கும் ‘பூலா’ என்ற சொல்லையே நாணயத்துக்கும் பெயராக வைத்துக்கொண்ட நாடு போட்ஸ்வானா. மழை நின்று மே மாதம் பிறந்ததும் காட்டுக்குள் இருக்கும் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்ற, நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் நீர் குடிக்கக்கூடிய யானைகளுக்கு ஆற்றை விட்டால் வேறு வழியில்லை. உலகிலேயே மிக அதிகமாக, ஏறக்குறைய 1,30,000 யானைகள் வாழும் நாட்டில் இதற்கு என்ன பொருள் என்பதைப் பிற்பகல் மூன்று மணிக்குமேல் படகிலிருந்து பார்த்தால் புரியும். செம்மண் சரிவில் புழுதி கிளப்பிக்கொண்டு கூட்டம் கூட்டமாக இறங்கும். தும்பிக்கையை ஆளத் தெரியாத குட்டி, முன்னங்கால்களை மடித்து வாயாலேயே நீரைக் குடிக்கும்.

சோபே ஆற்றின் நடுவே உள்ள செடுடு தீவின் ஈரப்புல்லை யானை தின்னும் விதத்தைப் பொறுமையாகப் பாருங்கள். ஒரு பிடி புல்லைத் தும்பிக்கையால் சுருட்டிப் பிடுங்கி, நீரில் இரண்டு மூன்று முறை அடித்து, வேரில் ஒட்டிய சேறு கரைந்த பிறகே வாய்க்குள் வைக்கும். மண் கலந்த புல் பல்லைத் தேய்க்கும். யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதிக் கடைவாய்ப் பற்கள்தான். கடைசித் தொகுதியும் தேய்ந்துவிட்டால் மெல்ல முடியாது. இந்தக் காட்சிக்கு இரண்டடுக்குப் பெரிய படகு உதவாது. நீர்மட்டத்தை ஒட்டி உட்கார வைக்கும் சிறிய படகையே கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தை நிறுத்தினால், அந்தப் புல் நீரில் அடிபடும் ஓசையும் கேட்கும்.

கேள்வி: அந்தத் தீவில் போட்ஸ்வானா கொடி பறக்கும் படத்தைப் பார்த்தேன். ஆளில்லாத தீவுக்குக் கொடி எதற்கு?

பதில்: வழக்காடி வென்ற தீவு அது. 1890இல், அன்று போட்ஸ்வானா பக்கத்தை ஆண்ட பிரிட்டனும் நமீபியா பக்கத்தை ஆண்ட ஜெர்மனியும் செய்த உடன்படிக்கை, ஆற்றின் முதன்மைக் கால்வாயின் நடுவே எல்லை செல்லும் என்றது. தீவின் இருபுறமும் கால்வாய் ஓடுவதால், எது முதன்மையானது என்ற பூசல், தீவைக் கசிகிலி என்றழைக்கும் நமீபியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் இடையே மூண்டது. ஆழம், அகலம், நீரோட்டம் ஆகியவற்றை ஆராய்ந்த சர்வதேச நீதிமன்றம், வடக்குக் கால்வாயே முதன்மையானது என்று 1999 டிசம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது. தீவு போட்ஸ்வானாவுக்குப் போயிற்று. ஆனால் இரு கால்வாய்களிலும் இரு நாட்டுப் படகுகளும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னதால், நமீபியப் படகுகளையும் அங்கே காணலாம்.

கேள்வி: நீர்யானை படகைக் கவிழ்க்கும் என்கிறார்களே, குழந்தைகளை அழைத்துப்போகலாமா?

பதில்: அழைத்துப்போகலாம். முதலைகள் உள்ள ஆறு என்பதால் கையை வெளியே தொங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீர்யானை உண்மையில் நீந்துவதில்லை, ஆற்றின் தரையில் நடக்கிறது. சில நிமிடங்கள் மூழ்கியிருந்துவிட்டு எதிர்பாராத இடத்தில் தலைதூக்கும். அதனால் அனுபவமுள்ள படகோட்டி, அதற்கும் ஆழமான நீருக்கும் குறுக்கே படகைக் கொண்டுபோக மாட்டார். அது வாயை அகலப் பிளப்பது பெரும்பாலும் தூக்கக் கலக்கத்தால் அல்ல, விலகிப் போ என்ற மிரட்டல். அப்போது படகோட்டி பின்வாங்கினால், படத்துக்காக இன்னும் கொஞ்சம் கிட்டே போகச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள்.