டாங்கோ பாடகர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

யோசிக்கவே வேண்டாம், கார்லோஸ் கார்தெல்தான்.

'சென்ட் ஆஃப் எ வுமன்' படத்தில் அல் பசினோ ஆடும் டாங்கோ நினைவிருக்கிறதா? அந்த மெட்டு கார்தெல் போட்டது. படத்தில் வாத்தியம் மட்டும்தான் வரும். அவர் குரலில் கேட்ட பிறகுதான் அது குதிரைப் பந்தயப் பாட்டு என்றே எனக்குத் தெரிந்தது. ஒரு தலை வித்தியாசத்தில் தோற்ற குதிரையையும் ஏமாற்றிப் போன காதலையும் சேர்த்துவைத்துப் புலம்புகிறான் ஒருவன். கார்தெலுக்கே பந்தயப் பைத்தியம் உண்டு. சொந்தக் குதிரையும் வைத்திருந்தார், பெயர் லுனாதிகோ.

1890-ல் பிரான்சின் துலூஸ் நகரில் பிறந்தவர். உருகுவேக்காரர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளை என்று இன்றும் வாதாடுவார்கள். ஆனால் பிறப்புப் பதிவு துலூஸில் இருக்கிறது. அம்மா திருமணம் ஆகாதவர். 1893-ல் இரண்டு வயதுக் குழந்தையோடு கப்பலேறி அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸ் வந்து, துணிகளுக்கு இஸ்திரி போட்டு மகனை வளர்த்தார். அபாஸ்தோ சந்தைப் பக்கம் சுற்றித் திரிந்த பையன் அவர்.

அதுவரை டாங்கோ பெரும்பாலும் ஆடுவதற்கான இசை. வரிகள் இருந்தாலும் வீறாப்பும் கேலியுமாகத்தான் இருக்கும். 1917-ல் கார்தெல் 'மி நோச்சே திரிஸ்தே'வைப் பதிவுசெய்தார். விட்டுப்போனவளை நினைத்து அழுகிறவனின் அறைதான் முழுப் பாட்டும். கிட்டார் அலமாரியில் தொங்குகிறது, விளக்குகூட எரிய மறுக்கிறது. அவர் அதைக் கத்தி அழாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோலப் பாடுகிறார். டாங்கோவுக்கு ஒரு கதைசொல்லி கிடைத்தது அப்போதுதான்.

அப்புறம் பாரிஸ், நியூயார்க், சினிமா. 1935-ல் வந்த 'எல் தியா கே மே கியேராஸ்' படத்தில் பேப்பர் போடும் பையனாக வரும் 13 வயதுச் சிறுவன், பின்னாளில் டாங்கோவையே மாற்றிய ஆஸ்தோர் பியாசோல்லா. தென் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கும் அவனைக் கூப்பிட்டார் கார்தெல். சின்னப் பையன் என்று அப்பா அனுப்பவில்லை. அந்தப் பயணத்தில்தான், 1935 ஜூன் 24 அன்று, கொலம்பியாவின் மெதெயின் விமான நிலையத்தில் இரண்டு விமானங்கள் மோதி எரிந்தன. கார்தெலும், அவருக்குப் பாட்டெழுதிய அல்ஃப்ரெதோ லெ பெராவும் அதில் போய்விட்டார்கள்.

புவெனஸ் ஐரிஸில் "நாளுக்கு நாள் இன்னும் நன்றாகப் பாடுகிறார்" என்பார்கள் அவரைப் பற்றி. சகரீதா கல்லறைத் தோட்டத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் சிகரெட்டைப் பற்றவைத்து அதன் விரலிடுக்கில் செருகிவிட்டுப் போகிறார்கள்.