47 நாட்களும் இரண்டு மணி நேரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள எல் காப்பிடான் பாறையில் ‘நோஸ்’ என்னும் தடத்தில் முதலில் ஏறியவர்களுக்கு 47 நாட்கள் ஆயின என்று எழுதியிருந்தீர்கள். 2018இல் அலெக்ஸ் ஹானோல்டும் டாமி கால்டுவெல்லும் அதே தடத்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தார்கள். அப்படியானால் முன்னவர்களின் திறமையை நாம் மிகைப்படுத்துகிறோமா?

கி., திருச்சி

அன்புள்ள கி.,

மிகைப்படுத்தவில்லை, ஆனால் உங்கள் சந்தேகத்தில் ஓரளவு நியாயம் உண்டு. மெர்சிட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அந்தக் கருங்கல் சுவரில் 1957இல் வாரன் ஹார்டிங் ஏறத் தொடங்கியபோது, அது ஏறக்கூடியதுதானா என்பதே யாருக்கும் தெரியாது. ஓரிடத்தில் விரிசல்கள் கையிலிருந்த இரும்பு ஆணிகளுக்குப் பொருந்தாத அளவு அகலமாக இருந்ததால், பழைய அடுப்பின் கால்களைக் கழற்றி ஆணிகளாக அடித்து ஏறினார்கள். அப்பகுதி இன்றும் ‘அடுப்புக்கால் விரிசல்கள்’ என்றே அழைக்கப்படுகிறது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தால் போக்குவரத்து நெரிசலாகிவிட, கோடைக்காலத்தில் ஏறக் கூடாது என்று பூங்கா நிர்வாகம் தடுத்ததால், அந்த 47 நாட்கள் ஒன்றரை ஆண்டுக் காலத்தில் சிதறிக் கிடந்தன. கடைசி இரவு முழுவதும், தலைவிளக்கின் ஒளியில், வெளியே துருத்தி நின்ற பாறையில் கையால் துளையிட்டு 28 போல்ட்டுகளைப் பதித்த ஹார்டிங், 1958 நவம்பர் 12 காலையில் வெயின் மெர்ரி, ஜார்ஜ் விட்மோர் ஆகியோருடன் உச்சியை அடைந்தார்.

நியாயம் எங்கே என்றால், அவர்கள் கயிறுகளைப் பாறையிலேயே கட்டிவைத்துவிட்டு இறங்கி, ஓய்வெடுத்து, மீண்டும் அதே கயிறுகளில் ஏறினார்கள். 1960இல் ராயல் ராபின்ஸும் மூன்று தோழர்களும் அப்படிக் கயிறு விட்டுவைக்காமல், ஏழு நாட்களில் ஒரே மூச்சாக ஏறியதைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன், ஏறக்கூடிய பாதை ஒன்று உண்டு என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்றாலும்.

2018இன் வேகத்தை இவற்றோடு ஒப்பிடுவது பொருந்தாது. வேகத்துக்காக ஏறுபவர்கள் பாறையில் உள்ள போல்ட்டுகளையும் தாங்கள் செருகும் கருவிகளையும் பிடித்து இழுத்தே பல இடங்களைக் கடக்கிறார்கள். தடத்தின் ஒவ்வொரு பிடியையும் முன்பே பழகியும் இருக்கிறார்கள். பாறையேறும் வீராங்கனை லின் ஹில் 1993இல் இதே தடத்தில் செய்தது வேறு வகை: விழுந்தால் தாங்க மட்டுமே கயிறு, ஏறுவதற்குக் கைகால்கள் மட்டுமே. கூரைபோல் வெளியே நீண்டிருக்கும் ‘பெருங்கூரை’ப் பகுதியின் மெல்லிய விரிசலில் அவருடைய சிறிய விரல்கள் துணைநின்றன என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் மேலே, பிடிமானமே இல்லாத மூலைப்பகுதியில் விரல் அளவு எதற்கும் உதவாது. மறு ஆண்டு முழுத் தடத்தையும் அவ்விதமே ஒரே நாளுக்குள் ஏறினார். நீங்கள் குறிப்பிடும் கால்டுவெல்லும் 2005இல் அப்படி ஏறியவர்தான். அவருடைய இரண்டு மணி நேரத்துக்குள் அந்த உழைப்பும் அடக்கம்.