கேள்வி – பதில்: மலையில் ஓடிய டீசல் வண்டி

பழைய டீசல் காம்பாக்ட் எஸ்யூவி வாங்குவது பற்றியும், வாங்கிய பிறகு வரும் தொல்லைகள் பற்றியும் நீலகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கோத்தகிரி வாசகர்: 2018 மாடல் டீசல் விட்டாரா பிரெஸ்ஸா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. டிஎன் 43 பதிவு, ஒரே ஓனர், மீட்டரில் 62,000 கி.மீ. "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு சார்" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இன்ஜினைப் பற்றி புரோக்கர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா என்று பல வண்டிகளில் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி இதை நிறுத்திவிட்டது. ஆனாலும் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. இதைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக்கும் அபூர்வம். நீங்கள் விசாரிக்க வேண்டியது, அந்த 62,000 எந்த ரோட்டில் ஓடியது என்பதை. கோவை–சேலம் நான்கு வழிச்சாலையில் ஓடியிருந்தால் கிளட்ச் பாதிகூடத் தேய்ந்திருக்காது. கோத்தகிரி டவுனுக்கும் எஸ்டேட்டுக்குமாக ஓடியிருந்தால், ஒரு கிளட்ச் செட் முடிந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

காரணம் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வேகமெடுத்துவிட்டால் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டும். அதுவரை இது டர்போ இல்லாத 1.3 லிட்டர் இன்ஜின்தான், அதுவும் மூச்சு வாங்குகிற இன்ஜின். இந்த வண்டியின் முழு இழுவையான 200 நியூட்டன் மீட்டர் 1,750 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கிறது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரிலேயே திரும்பினால் ஆர்பிஎம் 1,300-க்குக் கீழே விழும். முதல் கியர் போட மனம் வராமல், கிளட்சைப் பாதி மிதித்து ஆக்ஸிலரேட்டரை ஏற்றிச் சமாளிப்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு வளைவிலும் கிளட்ச் பிளேட் கொஞ்சம் கருகும்.

ஆகவே முதல் சோதனை கிளட்சுக்கு. லேசான ஏற்றத்தில் நான்காம் கியரில் 2,000 ஆர்பிஎம் வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி மேலே போய், வேகம் அதே இடத்தில் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. அடுத்து, ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். வண்டி குலுங்கி நடுங்கினால் பிளேட்டோ ஃப்ளைவீலோ சூட்டில் கெட்டிருக்கிறது. மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். கியர்பாக்ஸை இறக்கும் கூலி ஒன்றுதான். பேரிங்கை மட்டும் பழையதாக விட்டால் ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடி கொடுக்க நேரிடும். இந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் இருக்கும் பக்கம் கரகரவென்று சங்கிலி உரசும் சத்தம் ஒன்றிரண்டு நொடிக்கு மேல் நீடித்தால், செயின் நீண்டிருக்கிறது அல்லது டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்ட மல்டிஜெட்டில் வருகிற நோய் இது. செயின் வாழ்நாள் முழுக்க வரும் என்பதெல்லாம் நேரத்துக்கு ஆயில் மாற்றியவர்களுக்கு மட்டும்.

பிறகு புகை. அழுத்தி மிதிக்கும்போது ஒரு கணம் சாம்பல் நிறத்தில் வந்து மறைந்தால் பயமில்லை. தொடர்ந்து கரும்புகை வந்தால் புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு கரி பிடித்திருக்கும், இல்லையேல் டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் எங்கோ கிழிந்து காற்று கசியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: டர்போ சீல் அல்லது பிஸ்டன் ரிங். டர்போவைச் சந்தேகித்தால் இன்டர்கூலரின் கீழ் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் படிந்திருப்பது இயல்பு. குட்டையாகத் தேங்கி நிற்பது இயல்பல்ல. மூன்றாம் கியரில் 1,500-இலிருந்து 3,500 வரை ஏற்றத்தில் மிதித்துப் போனால் 1,800 வாக்கில் ஒரு தள்ளு தெரிய வேண்டும். தெரியாமல் மந்தமாகவே ஏறினாலோ, திடீரென்று சக்தி அறுந்தாலோ டர்போவின் உள் இறக்கைகள் கரியில் சிக்கியிருக்கலாம். குளிரில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் இது சகஜம்.

கூலன்ட் டேங்கைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிற பழக்கம் இங்கே அதிகம். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் குன்னூர் ஏற்றத்திலேயே பொங்கும். துருநிறத் தண்ணீர் தெரிந்தால் ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் எவ்வளவு நாள் தாங்கும் என்று யோசிக்க வேண்டும்.

முன் டயர்களின் வெளி விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அது வளைவுகளின் வேலை. அதற்காக விலை குறைக்கச் சொல்லலாம், வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியாக, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைக் கொடுத்து சர்வீஸ் வரலாற்றைக் கேட்டு வாங்கும்படி ஓனரிடம் சொல்லுங்கள். மீட்டரைத் திருப்பியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும்.

குன்னூர் வாசகி: 2021 டீசல் வண்டியை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று தினமும் 5 கி.மீ.தான் ஓட்டம். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறுகிறது! மேட்டுப்பாளையம் வரை ஒரு ரவுண்டு போய் வந்தால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. பிஎஸ்6 டீசலில் சைலன்சர் வரிசையில் உள்ள டிபிஎஃப் வடிகட்டி, புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி அதை எரித்துச் சாம்பலாக்கும். அந்தச் சூட்டுக்காக இன்ஜின் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சும். 5 கி.மீ. ஓட்டத்தில் வேலை பாதியில் நின்றுவிடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். உங்கள் டிப்ஸ்டிக் ஏறுவது அதனால்தான்.

மேட்டுப்பாளையம் இறங்குவதால் பயனில்லை. இறக்கத்தில் காலை எடுத்ததும் டீசல் நின்றுவிடும், புகைக்குழாய் குளிரும். சுத்தமாவது திரும்பி ஏறும்போது. போக்குவரத்து குறைந்த அதிகாலையில், 2,000-க்கும் 2,500-க்கும் இடையில் ஆர்பிஎம் இருக்கும்படி ஒரு கியர் குறைத்து, 20, 25 நிமிடம் நிற்காமல் ஏறுங்கள். ஐடிலிங் சற்று உயர்ந்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடி, சூட்டு வாடை வந்தால் எரிப்பு நடக்கிறது என்று பொருள். அப்போது சாவியை அணைக்காதீர்கள்.

அதற்கு முன் ஒன்று. ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் முதலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு மலை ஏறுங்கள். டீசல் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்னும். மிக அதிகமானால் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக் கட்டுப்பாடின்றி ஓடவும் கூடும். டிபிஎஃப் வண்டிக்கான, சாம்பல் குறைந்த ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். கையேட்டில் சி2 அல்லது சி3 என்று தரம் குறிப்பிட்டிருப்பார்கள். விளக்கு அப்போதும் அணையாவிட்டால் ஸ்கேனர் வைத்து நிறுத்திய நிலையிலேயே எரிக்கச் சொல்லலாம். அழுத்தம் அளக்கும் சென்சாருக்குப் போகும் சின்ன ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலும் பொய்யாக விளக்கு எரியும். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. வடிகட்டியையே கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்லும் ஒர்க்‌ஷாப்பிடம் போகாதீர்கள். அது சட்டப்படி தவறு.

தினம் 5 கி.மீ. மட்டும் ஓட்டுபவர் பிஎஸ்6 டீசல் வாங்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. அடுத்த வண்டி பெட்ரோலாக இருக்கட்டும்.

ஊட்டி, ஃபிங்கர் போஸ்ட் வாசகர்: மார்கழி, தை மாதக் காலையில் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் பிடிக்கிறது. ஆனதும் வெள்ளைப் புகை, நடுக்கம். ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. இன்ஜெக்டர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக்.

இன்ஜெக்டருக்குச் செலவழிக்கும் முன் குளிரில் சிலிண்டரைச் சூடேற்றும் நான்கு குளோ பிளக்குகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் நல்ல பிளக் ஒரு ஓம் அளவில் காட்டும். கெட்டது எதையும் காட்டாது. நான்கில் ஒன்று போனாலே உறைபனிக் காலையில் நீங்கள் சொல்லும் நடுக்கம் வரும். சூடானதும் மறைவதுதான் முக்கியத் தடயம். பிளக்கைக் கழற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும்; குளிரில் பலம் போட்டுத் திருகினால் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். பேட்டரியையும் பாருங்கள்: ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. இரண்டும் சரி என்றால் டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். இன்ஜெக்டர் அதற்கு அப்புறம்.

கூடலூர் வாசகர்: 2016 ஃபோர்டு எக்கோஸ்போர்ட், 2015 ரெனோ டஸ்டர், இரண்டும் டீசல், ஒரே விலை. எது நல்லது? ஃபோர்டு இந்தியாவை விட்டுப் போய்விட்டதே?

2021 செப்டம்பரில் அறிவித்து உற்பத்தியை நிறுத்தினார்கள். சர்வீஸும் பாகங்களும் நிற்கவில்லை. ஆனால் சர்வீஸுக்கு மலை இறங்க வேண்டியிருக்கும், அதை யோசியுங்கள். டஸ்டரின் 1,461 சிசி இன்ஜின் 85, 110 குதிரைத்திறன் என இரு வகை. கூடலூர்–ஊட்டி ரோட்டில் 110 வகை இழுக்கும் இழுவை வேறு. தரை உயரமும் சஸ்பென்ஷனும் எஸ்டேட் பாதைக்கு டஸ்டரில்தான் மேல்.

இரண்டிலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே: டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள்? இவற்றில் இருப்பது செயின் அல்ல, பெல்ட். கிலோமீட்டரோடு ஆண்டுக்கணக்கிலும் கெடும். அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை முட்டி வளைத்துவிடும். ஹெட்டை இறக்க வேண்டும். மாற்றியதற்கு பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட், டென்ஷனர், ஐட்லர், கூடவே வாட்டர் பம்ப் என்று செட்டாக மாற்றிவிடுங்கள். பெல்ட் பில் உள்ள வண்டி பத்தாயிரம், இருபதாயிரம் அதிகம் சொன்னாலும் அதையே எடுங்கள்.

அரவேணு வாசகர்: மேட்டுப்பாளையம் இறங்கும்போது கருகல் வாடை வருகிறது, பெடல் ஆழமாகப் போகிறது. புதிய பிரேக் பேட் போட்டும் மாறவில்லை.

பேட் மாற்றினார்கள், பிரேக் ஆயிலை மாற்றினார்களா? டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரப்பதத்தை உறிஞ்சியபின் அது 155 வரை இறங்கிவிடும். மழையும் மூடுபனியும் உள்ள ஊரில் இரண்டு ஆண்டுக்கு மேல் விடக்கூடாது. சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் பஞ்சு போலாகும். நான்கு சக்கரத்திலும் ப்ளீடிங் (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது) செய்து முழுவதும் மாற்றுங்கள். டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். காலிப்பர் பின்கள் இறுகியிருந்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். பின் டிரம்முக்குள் வீல் சிலிண்டர் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர்களுக்கு: கியரில் இறங்கும்போதுதான் டீசல் முழுதாக நிற்கிறது, நியூட்ரலில் ஐடிலிங்குக்கு எரிகிறது.

கேத்தி வாசகி: ஏஎம்டி டீசல் மலைக்கு ஒத்துவருமா?

வரும். ஏஎம்டியில் கிளட்சும் கியரும் தானாக இயங்கும். ஏற்றத்தில் நெரிசலில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டுக்கொண்டே வண்டியை நிறுத்திப் பிடிக்காதீர்கள். உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச்தான், கருகிவிடும். ஹேண்ட் பிரேக்கில் நிறுத்துங்கள். வளைவுகளில் மேனுவல் முறைக்கு மாற்றி நீங்களே கியரைக் குறையுங்கள்.

மஞ்சூர் வாசகர்: டெல்லிப் பதிவு டீசல் வண்டிகள் மிக மலிவாக வருகின்றன. சென்னை வண்டிகளும் வருகின்றன. எதில் ஏமாற்று குறைவு?

டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளை ஓட்டத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மலிவுக்குக் காரணம் அதுதான், வண்டி மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் படிவம் 28-இல் என்ஓசி (ஆர்டிஓ தரும் தடையின்மைச் சான்று), புதிய எண்ணுக்குப் படிவம் 27, பெயர் மாற்றத்துக்கு 29, 30, கடன் இருந்தால் படிவம் 35, இவற்றோடு தமிழ்நாட்டு வரியும் சேர்ந்தால் மலிவு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடுங்கள்.

சென்னை வண்டியில் வெள்ளத்தைத் தேடுங்கள். 2015, 2023 டிசம்பர்களில் நகரம் மூழ்கியது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக்கோடு தெரியும். ஸ்டெப்னி குழியில் வண்டல், சீட் ரெயிலில் துரு, ஃபியூஸ் பாக்ஸில் பச்சைக் களிம்பு ஆகியவற்றைக் கழுவி மறைப்பது கடினம். இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கேளுங்கள். எந்த ஊர் வண்டியானாலும், என்ஓசியும் வங்கியின் கடன் தீர்வுக் கடிதமும் கைக்கு வரும்வரை முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.