முதல் எபிசோடுக்கு முந்தின நாள்

கேள்வி: ஆவலோடு காத்திருந்த தொடர் வியாழக்கிழமை வெளியாகும் என்றார்கள். புதன் நள்ளிரவு 12 மணி தாண்டியும் விழித்திருந்தேன், வரவில்லை. ஏன்?

பதில்: அது எந்த ஊர் வியாழன் என்று பார்க்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் தொடர்களை வழக்கமாக அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி நள்ளிரவு 12 மணிக்கு ஏற்றுகிறது. கிரீன்விச் நேரத்தில் அது குளிர்காலத்தில் காலை 8 மணி, கோடையில் காலை 7 மணி. கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருந்தால் உங்கள் நேர வித்தியாசத்தைக் கூட்டுங்கள், மேற்கே என்றால் கழியுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றும் நாட்கள். அதையொட்டி வெளியாகும் தொடர்களுக்குத்தான் கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். சில பெரிய தொடர்களுக்கு மட்டும் வேறு நேரம் வைப்பதும் உண்டு. அதனால் தேதியோடு நேரத்தையும் அறிவிப்பில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: இரவுக் காட்சி வந்தாலே எங்கள் டிவியில் முகம் தெரிவதில்லை. புதுத் தொடரின் ட்ரெய்லர் முழுக்க இருட்டுதான். வெளியீட்டுக்குள் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும், ஆனால் முந்தின நாளே உட்கார வேண்டும். 2019 ஏப்ரல் 28 அன்று 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் இரவுப் போர் எபிசோட் வந்தபோது, எதுவுமே தெரியவில்லை என்று ஏராளமானோர் குமுறினார்கள். எட்டாவது சீசன்வரை காத்திருந்தவர்கள் அவர்கள்.

பொதுவாக இதற்கு மூன்று காரணங்கள். முதலாவது, அறை வெளிச்சம். திரைக்கு எதிரே இருக்கும் விளக்கையும் ஜன்னலையும் மறைத்தாலே பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, டிவியின் மின்சிக்கன வசதி. அறை இருட்டானதும் அது திரையையும் மங்க வைத்துவிடும், அதை அணைத்துவிடுங்கள். மூன்றாவது, பிக்சர் மோட். 'விவிட்', 'டைனமிக்' போன்றவற்றை விட்டு 'சினிமா', 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு வாருங்கள். முதல் ஐந்து நிமிடம் படம் மஞ்சளாகத் தெரியும். பொறுங்கள், கண் பழகிவிடும்.

பலர் செய்யும் தவறு, இருட்டாக இருக்கிறதே என்று 'பிரைட்னஸ்' அளவை ஏற்றுவது. பல டிவிகளில் அது கறுப்பின் அளவை மாற்றும் பொத்தான். ஏற்றினால் கறுப்பு சாம்பலாகும், முகம் தெளியாது. நீங்கள் ஏற்ற வேண்டியது 'பேக்லைட்', அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கின் அளவு. பின்விளக்கு இல்லாமல் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை என்றால் அதற்கான ஒளி அளவு.

இன்னொன்றும் உண்டு. வெளிச்சமும் இருட்டும் கூடுதல் நுணுக்கத்தோடு தெரியும் எச்டிஆர் படத்துக்கான அமைப்புகள் பெரும்பாலான டிவிகளில் தனி. சாதாரணப் படம் ஓடும்போது மாற்றியது அங்கே செல்லாது. அதே செயலியில் எச்டிஆர் முத்திரையுள்ள பழைய தொடர் ஒன்றைத் திறந்து, இரவுக் காட்சியில் நிறுத்திவைத்து மாற்றுங்கள். உடையின் மடிப்பும், கண்ணுக்குக் கீழுள்ள நிழலும் தனித்தனியாகத் தெரிந்தால் அளவு சரி.

அதே மெனுவில் 'மோஷன் ஸ்மூத்திங்' இருக்கும், கம்பெனிக்கொரு பெயரில். நொடிக்கு 24 ஃபிரேம் எடுத்த காட்சிக்கு நடுவே டிவி தானாகப் படங்களைச் செருகுவதுதான் அது. நல்ல தொடரையும் ஸ்டுடியோ நேரலைபோல ஆக்கிவிடும். அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பின்னணி இசை காதைப் பிளக்கிறது, வசனம் மட்டும் கேட்பதில்லை.

பதில்: செயலியின் ஆடியோ மெனுவைத் திறந்து பாருங்கள், 5.1 (ஆறு ஸ்பீக்கருக்கான ஒலி) தேர்வாகியிருக்கும். 5.1-இல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகிறது. உங்களிடம் டிவியின் இரண்டு ஸ்பீக்கர்தான் என்றால் எல்லாவற்றையும் இரண்டுக்குள் திணிக்கும்போது வசனம் அமுங்கலாம். ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் ஒலி மெனுவில் 'டயலாக்' அல்லது 'நைட்' மோட் இருந்தால் அதுவும் உதவும்.

கேள்வி: வெளியான முதல் மணி நேரத்தில் படம் சுற்றிச் சுற்றி நிற்காமல் இருக்க?

பதில்: நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் 1080பி படத் தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், அதைவிடத் தெளிவான 4கே-வுக்கு 15. வேகத்தை ரௌட்டர் பக்கத்தில் அல்ல, டிவி இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். கேபிள் இழுக்க முடிந்தால் அதுவே மேல். செயலி அப்டேட்டையும் லாகினையும் முந்தின நாளே முடித்துவிடுங்கள். கடவுச்சொல் மறந்துபோனது வெளியீட்டு நேரத்தில்தான் தெரியவரும். சர்வரே திணறினால் உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை. ரௌட்டரைத் திரும்பத் திரும்ப அணைக்காமல் பத்து நிமிடம் விட்டுத் திறங்கள்.

கேள்வி: எனக்கு மறுநாள்தான் பார்க்க முடியும். ஸ்பாய்லரிலிருந்து தப்ப வழி?

பதில்: சமூக ஊடகங்களில் தொடரின் பெயர், அதன் சுருக்கம், ஹேஷ்டேக், முக்கியப் பாத்திரங்களின் பெயர்கள் ஆகியவற்றை மியூட் செய்யுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். படமாக வரும் மீம்களை இது தடுக்காது. வீடியோ தளத்தின் முகப்பை அன்று திறக்கவே வேண்டாம், தம்ப்னெயிலே முடிவைச் சொல்லிவிடும்.

கேள்வி: முதல் எபிசோட் ஏமாற்றினால் விட்டுவிடலாமா?

பதில்: மூன்றுவரை பாருங்கள். முதல் எபிசோடுக்கு எல்லோரையும் அறிமுகப்படுத்தும் சுமை இருக்கிறது. எழுத்தாளர்களின் நிஜமான வேகம் இரண்டாவதிலோ மூன்றாவதிலோதான் வெளிப்படும். மேலே சொன்ன 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்கே 2009-இல் எடுத்த முதல் எபிசோட் சரியில்லை என்று, இயக்குநரையும் இரண்டு முக்கிய நடிகைகளையும் மாற்றிப் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துத்தான் 2011 ஏப்ரல் 17 அன்று ஒளிபரப்பினார்கள். மூன்றாவது முடிந்தும் பாத்திரங்களின் பெயர்கள் மனதில் நிற்கவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள்.